கஷ்ட காலத்தில் கர்த்தரை நம்பி நிற்க: வடசென்னையின் புது விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஞானஸ்நானம் எடுத்து ஓராண்டோ இரண்டாண்டோ ஆகியிருக்கும். ஞாயிறு ஆராதனை, புதன்கிழமை வீட்டுக் கூட்டம், கையில் புது வேதாகமம் என்று எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது வீட்டில் பெரிய அடி ஒன்று விழும். மணலியில் பார்த்துவந்த ஒப்பந்த வேலை போய்விடும். கணவருக்குச் சிறுநீரகம் பழுது என்று டாக்டர் சொல்வார். வயிற்றில் தங்கிய பிள்ளை நிற்காமல் போகும். ஜெபித்துக்கொண்டே இருப்பீர்கள், நிலைமை அப்படியே இருக்கும். அந்த நேரம் பார்த்து இரண்டு பக்கமிருந்தும் பேச்சு வரும். சொந்தக்காரர்கள், "குலதெய்வத்தை விட்டுட்டுப் போனியே, அதான்" என்பார்கள். சபையில் ஒருவர், "உங்க விசுவாசம் பத்தலம்மா" என்பார்.

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, காசிமேடு, எண்ணூர் பக்கத்து ஜெபக் கூட்டங்களில் இந்த நிலையில் உட்கார்ந்திருப்பவர்கள் பலரோடு பேசியிருக்கிறேன். அவர்களைத் தாங்கி நிறுத்தியவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கம் என்று எந்தச் சபையில் இருந்தாலும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பிக்கையை ஓர் உணர்ச்சி என்று நினைத்து, "எனக்கு வரமாட்டேங்குதே" என்று தவிப்பவர்கள் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறார்கள். கர்த்தரை நம்புவது பெரும்பாலும் சின்னச் சின்னக் காரியங்களைச் செய்வதில்தான் இருக்கிறது. மனசு மரத்துப்போன நாளிலும் அவற்றைச் செய்ய முடியும்.

1. முதல் வாரம்: சாப்பிடுங்கள், தூங்குங்கள்

எலியா தீர்க்கதரிசியின் கதையை 1 இராஜாக்கள் 19-ல் வாசியுங்கள். தன்னைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொள்கிறார். இரண்டாவது முறையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். கர்த்தர் அவரோடு பேசுவது அதற்குப் பிறகுதான்.

நம்முடைய சபைகளில் கஷ்டம் வந்ததுமே மூன்று நாள் உபவாசம், முழு இரவு ஜெபம் என்று ஆரம்பித்துவிடுகிறோம். உபவாசம் நல்லது, வேதம் சொல்வதுதான். ஆனால் நான்கு நாளாய்த் தூங்காதவர், சர்க்கரை மாத்திரை போடுகிறவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் ஆகியோர் அந்த நேரத்தில் பட்டினி கிடக்க வேண்டாம். மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த உபவாசமும் எடுக்கக் கூடாது. முதல் வாரத்தில் மூன்று வேளை கஞ்சியாவது குடித்து, இரவு ஆறு மணி நேரமாவது படுத்தாலே போதும். பக்கத்து வீட்டு அக்கா குழம்பு கொண்டுவந்து கொடுத்தால், கூச்சப்படாமல் வாங்கிச் சாப்பிடுங்கள்.

2. கஷ்டத்தைத் தாளில் எழுதிப் பிரியுங்கள்

எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சை அழுத்தும்போது எது என்னவென்றே தெரியாது. ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம், யாரையாவது போய்ப் பார்த்துச் செய்யக்கூடியவை. வலது பக்கம், உங்கள் கையில் இல்லாதவை. ரேஷன் அட்டை, மருத்துவக் காப்பீடு, பள்ளிக் கட்டணத்துக்கு அவகாசம் கேட்பது எல்லாம் இடது பக்கம். மகன் குடியை விடுவது, ஸ்கேன் முடிவு, மாமியார் மனசு மாறுவது எல்லாம் வலது பக்கம். இரண்டையும் ஜெபத்தில் வையுங்கள். இடது பக்கத்துக்கு மட்டும் ஜெபம் முடித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.

இடது பக்கத்தில் அதிகம் வருவது கடன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பகுதியில் விசுவாசத்தை விட்டுப் போனவர்கள் பலரை முதலில் சபையிலிருந்து விரட்டியது கடன் வெட்கம்தான். தண்டல், வாரக் கடன், குழுக் கடன், அடகு என்று எல்லாவற்றையும் யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி என்று எழுதுங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எழுதுங்கள், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வாங்கியதையும் சேர்த்து. பழைய தண்டலை அடைக்கப் புதுத் தண்டல் வாங்குவதை அன்றோடு நிறுத்துங்கள். நகை அடகுக் கடையில் இருந்தால், வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வட்டி எவ்வளவு என்று விசாரித்து மாற்றப் பாருங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி வாங்குவதைத் தடைசெய்ய 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் பேசலாம். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம், தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் சில நிறுத்தங்கள்தான்.

கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8-ம் அதிகாரத்தில், ஒருவருக்கு இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே காணிக்கை ஏற்றுக்கொள்ளப்படும் என்கிறார். "இவ்வளவு விதைத்தால் இவ்வளவு அறுப்பாய்" என்று தொகை சொல்லிக் கேட்பவர் மேடையில் எவ்வளவு கண்ணீர் விட்டாலும், உங்கள் பிள்ளையின் பால் காசை அங்கே போடவேண்டாம்.

3. சங்கீதக்காரனைப் போல ஜெபிக்கப் பழகுங்கள்

புதிதாய் வந்தவர்கள் ஜெபம் என்றால் அழகாய், நன்றியோடு, உரத்த குரலில் செய்யவேண்டும் என்று நினைக்கிறார்கள். சங்கீதப் புத்தகத்தின் 150 சங்கீதங்களில் புலம்பல்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 13-ம் சங்கீதம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் தொடங்குகிறது. ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது, அப்புறம் கண்களைத் தெளிவாக்கும்படி மன்றாடுகிறது, கடைசியில் கிருபையின் மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்கிறது. 88-ம் சங்கீதம் கடைசி வரியிலும் ஆறுதலாக மாறவில்லை, தோழர்கள் எல்லாரும் தூரமாகிப் போனதைச் சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. ஆகவே கர்த்தரிடம் முறையிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு சங்கீதங்களையும் திறந்து காட்டுங்கள்.

செய்முறை இது. 13-ம் சங்கீதத்தை ஒரு வாரம் தினமும் வாய்விட்டு வாசியுங்கள். "எதுவரைக்கும்" என்று வரும் இடத்தில் நிறுத்தி, உங்கள் சொந்த வார்த்தையில் உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள். வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அந்தத் தமிழிலேயே சொல்லுங்கள், பிரசங்கத் தமிழ் வேண்டாம். "முடியல ஆண்டவரே, வாடகைக்கு என்ன பண்ணுவேன்" என்பது முழு ஜெபம். அடுத்த வாரம் 42, அதற்கடுத்த வாரம் 77. கடைசி வசனத்தின் நம்பிக்கையை நீங்கள் உணராவிட்டாலும் வாசித்து முடியுங்கள். உங்களால் சொல்ல முடியாததை அந்த வசனம் உங்களுக்காகச் சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

எங்கே ஜெபிப்பது என்பது இங்கே நிஜமான பிரச்சினை. ஒரே அறை, அதில் ஐந்து பேர், டி.வி., பக்கத்து வீட்டுச் சுவர் நம் சுவர். அதிகாலை நான்கு மணி ஜெபம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு அந்த நேரத்தில் வேலைக்கே போய்விட்டவர்களுக்கும், துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசையில் இரவெல்லாம் காத்துக்கிடக்கும் ஓட்டுநர்களுக்கும் அது ஒத்துவராது. அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூருக்கு மின்சார ரயிலில் போகிற நேரம் ஒரு சங்கீதத்துக்குத் தாராளமாய்ப் போதும். மொட்டைமாடி, கடலோரக் கல், பாத்திரம் துலக்கும் இடம் எதுவும் சரிதான். ராயபுரத்து இராயப்பர் ஆலயத்திலோ பெரம்பூர் லூர்து மாதா திருத்தலத்திலோ கூட்டமில்லாத நேரத்தில் உள்ளே போய் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம்.

4. வாக்குத்தத்த அட்டையின் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த, புது வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை பீரோவில் ஒட்டியிருக்கும். ஜனவரியில் தெம்பு கொடுத்த அதே வசனம் ஏப்ரலில் உங்களைப் பார்த்துக் கேலி செய்வதுபோல் தோன்றலாம். அட்டையைக் கிழிக்க வேண்டாம். வசனம் வந்த அதிகாரத்தைத் திறந்து முதலிலிருந்து வாசியுங்கள்.

பலர் வீட்டில் இருக்கும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று வரும் வசனம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் கர்த்தர் 70 வருஷம் ஆகும் என்கிறார். அதுவரைக்கும் என்ன செய்யவேண்டும் என்றும் அதே கடிதம் சொல்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் அந்த வாக்குத்தத்தம் உண்மைதான். இதைப் புரிந்துகொண்டால், "மூன்று மாதத்தில் நடக்கலையே" என்று வாக்குத்தத்தத்தின் மேல் கோபம் வராது.

5. "ஏன் வந்தது?" என்பதற்கு மற்றவர்கள் தரும் பதிலை வாங்கிக்கொள்ளாதீர்கள்

பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள், யார் செய்த பாவம் என்று கேட்டார்கள். இவன் செய்த பாவமுமல்ல, பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார் இயேசு. யோவான் 9-ல் இருக்கிறது. நீதிமானாயிருந்தும் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் அதுதான் உருப்படியான காரியம். காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள்.

நாம் இன்று வாசிக்கும் தமிழ் வேதாகமத்துக்கு உழைத்தவர்களில் முக்கியமானவர் வேப்பேரியில் வாழ்ந்த ஜெர்மன் மிஷனரி ஃபெப்ரீஷியஸ். அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வந்தது, தமிழ் அகராதி 1779-ல் வந்தது. முதுமையில் அவர் கடனில் மாட்டிச் சிறையில் இருந்தார். 1791-ல் இறந்தார். அவருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யார் சொல்ல முடியும்?

சொந்தக்காரர்கள் குலதெய்வத்தைச் சொல்லிப் பேசும்போது வாதத்துக்குப் போகாதீர்கள். அவர்களும் உங்கள் மேல் உள்ள பயத்தில்தான் பேசுகிறார்கள். "எனக்கும் காரணம் தெரியலத்தே, ஆனா நான் தனியா இல்ல" என்று சொல்லி, காபி போட்டுக் கொடுங்கள். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போவதை நிறுத்தாதீர்கள்.

6. இரண்டு பேரைக் கண்டுபிடியுங்கள்

முழுச் சபைக்கும் சொல்லவேண்டியதில்லை. இரண்டு பேர் போதும். யாத்திராகமம் 17-ல் யுத்தம் நடக்கும்போது உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கை தளர்ந்தபோது, ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கு ஒரு பக்கமாய்த் தாங்கினார்கள், சூரியன் அஸ்தமிக்கும் வரைக்கும். பிறர் வீட்டு ரகசியத்தை உங்களிடம் வந்து சொல்லாதவராய், தானும் கஷ்டத்தைக் கடந்தவராய், பெண்ணுக்குப் பெண்ணாய், ஆணுக்கு ஆணாய் இருந்தால் நல்லது. கத்தோலிக்கர்கள் தங்கள் தெரு அன்பியத்திலேயே (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) அப்படி ஒருவரைத் தேடலாம்.

அவர்களிடம் பொதுவாக "ஜெபிச்சுக்கோங்க" என்று சொன்னால், ஜெபித்துவிட்டு மறந்துவிடுவார்கள். "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு என்கூட வாங்க", "ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை போன் பண்ணுங்க" என்று கேளுங்கள். அவர்களிடம் பணக்கடன் மட்டும் கேட்காதீர்கள். கொடுக்கல் வாங்கல் நுழைந்தால் அந்த ஆதரவு கெட்டுப்போகும். பாஸ்டரிடமோ சி.எஸ்.ஐ. சபையின் ஐயரிடமோ ஃபாதரிடமோ ஒருமுறை நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். ஆராதனையில் பாட முடியாவிட்டாலும் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். மற்றவர்கள் பாடுவது உங்களுக்காகவும்தான்.

7. பொறுமை என்ற பெயரில் இவற்றைச் சகிக்காதீர்கள்

கணவர் அடிப்பதை "சிலுவை" என்று சொல்லிச் சுமக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சிலுவை இல்லை. பிள்ளைகளோடு பாதுகாப்பான வீட்டுக்குப் போங்கள், 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

ஜெபம் செய்தாயிற்று என்று காசநோய் மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்தக் கூடாது. பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர், அவரைப் "பிரியமான வைத்தியன்" என்றே பவுல் எழுதுகிறார். சுகமாகிவிட்டது என்று நம்பினால், அதையும் டாக்டரே பரிசோதித்துச் சொல்லட்டும்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், அன்றைக்கே யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். 104 என்ற எண்ணும் இருக்கிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அங்கே போவது விசுவாசத்துக்கு விரோதமானதல்ல. எலியாவும் சாவைக் கேட்டவர்தான், கர்த்தர் அவரைத் தள்ளிவிடவில்லை.

8. நாள் நீண்டுகொண்டே போனால்

விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போக முடியாது, ஆனால் முடியும் தேதி தெரியும். அந்த நாட்களில் வலை பின்னுவார்கள், படகைப் பழுது பார்ப்பார்கள். நம்முடைய கஷ்ட காலத்துக்கு முடியும் தேதியை யாரும் சொல்வதில்லை. அங்கேதான் பலர் உடைந்துபோகிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் நான் வாசிக்கச் சொல்வது அப்போஸ்தலர் நடபடிகள் 27.

பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கப்பலில் போகிறார். யூரோக்கிலிதோன் என்ற காற்று பிடித்துக்கொள்கிறது. பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. தப்பிப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று எழுதியிருக்கிறது, அந்தக் கப்பலில் பவுலும் இருந்தார். ஒரு உயிரும் போகாது, கப்பல் மட்டும் போகும் என்று அவருக்குத் தேவதூதன் மூலம் சொல்லப்பட்டிருந்தது. இதைக் கவனியுங்கள். கர்த்தர் கொடுத்த வாக்கிலேயே கப்பலின் நஷ்டமும் சேர்ந்திருந்தது. 2004 சுனாமியில் படகை இழந்தவர்களுக்கும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து வலையும் படகும் கறுத்துப்போனவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. உயிர் மிஞ்சியது, தொழில் மிஞ்சவில்லை. கர்த்தர் கூட இருந்தார் என்பதும், படகு போனது என்பதும் இரண்டும் நடந்தவை.

பாறையில் மோதுவோம் என்று பயந்து மாலுமிகள் கப்பலின் பின்பக்கத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டு, எப்போது விடியும் என்று காத்திருந்தார்கள். அந்த இருட்டில் அவர்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். பதினாலாவது நாள் விடிகிற நேரத்தில், எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறார் பவுல். அப்பத்தை எடுத்து எல்லாருக்கும் முன்பாக ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டு, தானே முதலில் சாப்பிடுகிறார். கப்பலில் இருந்த 276 பேரும் தைரியம் பெற்றுச் சாப்பிட்டார்கள். பிறகு கப்பல் தரைதட்டி உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகைகளையும் கப்பல் துண்டுகளையும் பிடித்துக்கொண்டு கரைசேர்ந்தார்கள்.

உங்கள் நாலு நங்கூரங்களை நீங்களே தீர்மானியுங்கள். நான் சொல்லக்கூடியது: தினமும் ஒரு சங்கீதம், வாரத்தில் ஒரு ஆராதனை, அந்த இரண்டு பேரில் ஒருவரோடு ஒரு பேச்சு, வீட்டில் ஒரு வேளையாவது எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிடுவது. அதற்கு மேல் எதையும் உங்கள் மேல் சுமத்திக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள், விட்டதைச் சேர்த்துச் செய்யவேண்டாம். வேலை மாற்றம், வீடு மாற்றம், சபை மாற்றம் போன்ற பெரிய முடிவுகளைக் கூடுமானவரை ஒத்திப்போடுங்கள். சபை மாறினால் கஷ்டம் தீரும் என்று யாராவது அழைத்தால், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

9. சாட்சி சொல்ல அவசரப்படாதீர்கள்

கஷ்டம் கொஞ்சம் விலகியதுமே மேடையில் சாட்சி சொல்ல அழைப்பார்கள். மனம் ஆறவில்லை என்றால் "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் ஐயா" என்று சொல்லுங்கள். சொல்லும்போது இன்னும் தீராததையும் சேர்த்துச் சொல்லுங்கள். "கடன் பாதி அடைஞ்சது, பையன் இன்னும் திருந்தல, கர்த்தர் எங்களைக் கைவிடல" என்ற சாட்சியைக் கேட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார்.

ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய்ப் பேசுங்கள். காரணம் சொல்லாதீர்கள், வசனத்தையும் முதல் நாளே அடுக்காதீர்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமா என்று கேளுங்கள். உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, பதில் வராவிட்டாலும் அடுத்த வியாழக்கிழமை நீங்களே கூப்பிடுங்கள்.